மருந்துக்குப் பின்னாலேயே போனவர் – கெர்ட்ரூட் எலியன்



போன மே மாத லீவில் எங்க தாத்தாவுக்கு அக்கி வந்தது. வலது விலாவில் ஆரம்பித்து முதுகு வரைக்கும் ஒரு பட்டை மாதிரி சிவந்து, கொப்புளம் கொப்புளமாக இருந்துச்சு. சட்டை பட்டாலே எரியுது என்று துண்டுகூடப் போடாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பாட்டி விடவில்லை, அக்கி எழுதுபவரைக் கூட்டி வந்து காவி குழைத்து எழுதினோம். மறுநாள் அம்மா டாக்டரிடம் கூட்டிப் போனாங்க. அவர் முக்கியமாக எழுதிக் கொடுத்தது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் மாத்திரை. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். மொத்தம் 35 மாத்திரை!

மணி பார்த்து எடுத்துக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10. மூன்றாவது நாள் டி.வி.யில் மேட்ச். 2 மணி மாத்திரை மறந்தே போச்சு. 6 மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. சரி, ரெண்டையும் சேர்த்துக் கொடுத்திடலாம் என்று எடுத்துவிட்டேன். தாத்தாவும் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. ஓடிப்போய் மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் கேட்டேன். ரெண்டு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, ஒன்று மட்டும் கொடுத்துவிட்டு வழக்கம்போல் தொடரு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லு என்று திட்டி அனுப்பினார்.

தாத்தாவின் பிரஷர் மாத்திரை நாளைக்கு ஒன்றுதான். நமக்குப் பள்ளியில் கொடுக்கிற குடற்புழு மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒன்று. இது மட்டும் ஏன் ஐந்து வேளை? சாப்பிட்ட மாத்திரை எங்கேதான் போகுது?

பள்ளி திறந்ததும் வேதியியல் டீச்சரிடம் கேட்டேன். மருந்து உள்ளே போய் என்ன செய்யுது என்று எல்லாரும் கேட்பாங்க, உடம்பு மருந்தை என்ன செய்யுது என்று கேட்கிறவங்க குறைவு, அதையே ஆயுள் முழுக்கக் கேட்ட ஒரு அம்மா இருந்தாங்க, தாத்தா சாப்பிட்ட மாத்திரையே அவங்க குழு கொண்டு வந்ததுதான், போய்ப் படித்துவிட்டுச் சுவர்ப் பத்திரிகைக்கு எழுது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் படித்தேன். டீச்சர் திருத்தியும் கொடுத்தார்கள். இன்னமும் தப்பு இருந்தால் அது என்னுடையது.

முதலில் ஒரு சின்ன விஷயம். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் நொதி ஸ்டார்ச்சை உடைக்கும் என்று படித்திருக்கிறோம். செரிமானத்துக்கு மட்டும்தான் நொதிகள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கல்லீரல், குடல், ரத்தம் என்று எல்லா இடத்திலும் நொதிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த பொருளில் ஆக்சிஜனைச் சேர்ப்பது, ஒரு பகுதியை வெட்டுவது, தண்ணீரில் கரையும்படி மாற்றிச் சிறுநீரில் அனுப்புவது எல்லாம் அவற்றின் வேலை. மருந்துக்கும் அதே கதிதான். நல்லதுக்கு வந்தது என்று பார்த்து விட்டுவிடாது!

இனி எலியன் கதைக்கு வருகிறேன்.

கெர்ட்ரூட் எலியன் 1918 ஜனவரி 23 அன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் பிறந்தார். அப்பா லிதுவேனியாவிலிருந்து வந்து குடியேறிய பல் டாக்டர். அம்மாவும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்தான். ஒரு தம்பி. நல்ல வசதியான குடும்பம், ஆனால் 1929-இல் பங்குச்சந்தை சரிந்தபோது அப்பா போட்ட பணமெல்லாம் போய்விட்டது.

எலியனுக்கு 15 வயதில் தாத்தா இறந்தார். வயிற்றில் புற்றுநோய். அவருக்குத் தாத்தா என்றால் உயிர். ஆஸ்பத்திரியில் அவர் படும் வேதனையைக் கூட இருந்து பார்த்தார். யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்லூரியில் என்ன படிப்பது என்று முடிவு செய்யவேண்டிய நேரமும் அதுதான். இந்த நோயை எதிர்க்கிற வேலையைத்தான் செய்யணும் என்று வேதியியலை எடுத்தார். (நானும் தாத்தாவால்தான் இதை எழுத ஆரம்பித்தேன். அதனால் இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டேன்.)

ஹன்டர் கல்லூரி பெண்களுக்கான கல்லூரி, நல்ல மார்க் இருந்தால் ஃபீஸ் கிடையாது. இல்லையென்றால் அவரால் படித்திருக்கவே முடியாது. 1937-இல் மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகுதான் கஷ்டம். மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு 15 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வேலைக்குப் போன ஒரு இடத்தில், தகுதி இருக்கிறது, ஆனால் பெண் ஒருத்தி ஆய்வகத்தில் இருந்தால் மற்றவர்கள் கவனம் சிதறும் என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? செக்ரட்டரி வேலைக்கான பயிற்சியில் சேர்ந்தார்! ஆறு வாரம்தான். நர்சுகளுக்கு உயிர்வேதியியல் நடத்தும் மூன்று மாத வேலை கிடைத்ததும் அதை விட்டுவிட்டார். பிறகு ஒரு வேதியியலாளரின் ஆய்வகத்தில் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார். பாத்திரம் கழுவினால்கூடப் பரவாயில்லை, ஆய்வகத்துக்குள் இருந்தால் போதும் என்கிற நிலைமை. ஒன்றரை வருஷம் கழித்து அங்கிருந்து வெளியே வரும்போது சம்பளம் வாரத்துக்கு 20 டாலர் ஆகியிருந்தது. அதைச் சேர்த்து வைத்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தார். வகுப்பில் ஒரே பெண். பகலில் பள்ளிக்கூடங்களில் வேதியியல், இயற்பியல் பாடம் நடத்துவார். ராத்திரியும் சனி ஞாயிறும் ஆய்வகம். 1941-இல் முடித்தார்.

அதே 1941-இல் இன்னொரு அடி. அவர் திருமணம் செய்துகொள்ள இருந்தவர் இறந்துபோனார். இதயத்தின் உட்சுவரிலும் வால்விலும் பாக்டீரியா தொற்று. பென்சிலின் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார், ஆனால் அது பொதுவாகக் கிடைக்க ஆரம்பித்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்துத்தான். எலியன் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆண்கள் எல்லாம் போருக்குப் போனதால் ஆய்வகங்களில் ஆள் இல்லை. அப்போதுதான் பெண்களுக்குக் கதவு திறந்தது. முதலில் கிடைத்த வேலை ஒரு உணவுப் பொருள் கம்பெனியில். ஊறுகாயில் புளிப்பு சரியாக இருக்கிறதா, மயோனைஸில் முட்டை மஞ்சள் கருவின் நிறம் சரியா, பழங்களில் பூஞ்சை இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை! ஒன்றரை வருஷத்தில் அங்கே கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

1944-இல் பரோஸ் வெல்கம் என்ற மருந்து கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனி பெயரை அவருக்குச் சொன்னது அப்பாதான். பல் ஆஸ்பத்திரிக்கு வந்த வலி மாத்திரை சாம்பிளில் பெயரைப் பார்த்திருக்கிறார். சம்பளம் வாரத்துக்கு 50 டாலர். ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்ற விஞ்ஞானிக்கு உதவியாளர் வேலை.

இந்த ஹிச்சிங்ஸ் வித்தியாசமாக யோசிப்பவர். அந்தக் காலத்தில் மருந்து கண்டுபிடிப்பது என்றால், கையில் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பது. எது வேலை செய்யுதோ அது மருந்து. ஹிச்சிங்ஸ் வேறு வழி பிடித்தார். பாக்டீரியாவானாலும் புற்றுநோய் செல்லானாலும் பெருகவேண்டும் என்றால் நியூக்ளிக் அமிலம் கட்டியாக வேண்டும். அதற்கு அடினின், குவானின் மாதிரி காரங்கள் தேவை. அவற்றைப் போலவே தோற்றம் உள்ள போலிகளைச் செய்து நடுவில் நுழைத்தால்? கொத்தனார் அவசரத்தில் போலிச் செங்கலை எடுத்து வைத்துவிடுவார், சுவர் அதற்கு மேல் எழும்பாது. இத்தனைக்கும் டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று கண்டுபிடித்ததே 1953-இல்தான். இவர்கள் ஆரம்பித்தது அதற்குப் பல வருஷம் முன்னால்.

எலியனுக்குக் கொடுக்கப்பட்டது பியூரின் பகுதி. அதாவது அடினின், குவானின் குடும்பம். ஆயுளில் பாதி அதிலேயே போகப் போகுது என்று அப்போது தெரியாது.

பகலில் வேலை, ராத்திரி புரூக்ளினில் பி.எச்டி. வகுப்பு, நடுவில் மணிக்கணக்கில் பயணம். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஒருநாள் கல்லூரி டீன் கூப்பிட்டு, பகுதி நேரமாகப் படித்தது போதும், வேலையை விட்டுவிட்டு முழு நேரம் வரவேண்டும் என்றார். எலியன் பட்டத்தை விட்டார், வேலையை விடவில்லை. அது சரியான முடிவுதானா என்று அவருக்கே நிச்சயமில்லாமல் பல காலம் இருந்ததாம். நானாக இருந்தால் பட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று தோணுது.

1951-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பியூரின் போலிகளைச் செய்து சோதித்துவிட்டார்கள். பாலைப் புளிக்க வைக்கும் வகை பாக்டீரியா ஒன்றின்மேல்தான் முதல் சோதனை. அதில் ஒன்று நன்றாக வேலை செய்தது. ஹைப்போக்சாந்தின் என்ற பியூரினில் ஆறாம் இடத்தில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துவிட்டு கந்தகத்தை வைத்தது. பெயர் 6-மெர்காப்டோபியூரின். (இனி 6-எம்.பி. என்று எழுதுகிறேன், இடம் போதாது.)

அந்தக் காலத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பாதிப் பேர் மூன்று நான்கு மாதத்தில் இறந்துவிடுவார்கள். 6-எம்.பி. கொடுத்ததும் சில குழந்தைகள் எழுந்து விளையாடினார்கள்! 1953-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைப்போம். ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. தேறிய குழந்தைகள் மறுபடியும் படுத்தார்கள். இது எலியனை ரொம்பவே உலுக்கியது. மருந்து நல்ல மருந்துதான். அப்புறம் ஏன் போதவில்லை? உள்ளே போன மருந்து என்னதான் ஆகுது?

அப்போதுதான் அவர் மருந்தைத் துரத்த ஆரம்பித்தார். மருந்து சாப்பிட்டவர்களின் சிறுநீரை எடுத்து அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். 6-எம்.பி.யில் பெரும் பங்கு 6-எம்.பி.யாக வெளியே வரவில்லை. தயோயூரிக் அமிலம் என்ற பொருளாக மாறி வந்தது. மாற்றியது யார்? சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி.

இந்த நொதி நம் எல்லார் உடம்பிலும், முக்கியமாகக் கல்லீரலிலும் குடலிலும் இருக்கிறது. ஹைப்போக்சாந்தினைச் சாந்தினாகவும், சாந்தினை யூரிக் அமிலமாகவும் மாற்றுவது அதன் அன்றாட வேலை. 6-எம்.பி. ஹைப்போக்சாந்தினைப் போலவே இருக்கிறது இல்லையா? புற்றுநோய் செல்லை ஏமாற்றத்தான் அப்படிச் செய்தார்கள். அதே முகத்தைப் பார்த்து இந்த நொதியும் பிடித்துக்கொண்டது! செல்லை ஏமாற்றிய அதே ஒற்றுமைதான் மருந்து அழியவும் காரணம். இதை எங்க வகுப்பில் சொன்னபோது ரெண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது, அதனால் இங்கேயும் இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்க.

சரி, நொதியை அடைத்துவிட்டால்? அவர்களிடம் ஏற்கெனவே செய்து வைத்த போலிகளில் அல்லோபியூரினால் என்று ஒன்று இருந்தது. ஹைப்போக்சாந்தினில் உள்ள அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஒரு நைட்ரஜனும் ஒரு கார்பனும் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். வேதியியல் புத்தகத்தில் மாற்றியம் என்று படிக்கிறோமே, அதுதான். சாந்தின் ஆக்சிடேஸ் இதையும் தன் இரை என்று நினைத்துப் பிடித்து, ஆக்சிஜன் சேர்த்து, ஆக்சிபியூரினால் ஆக்கும். அந்த ஆக்சிபியூரினால் நொதியின் வாயிலேயே இறுகச் சிக்கிக்கொள்ளும். தன் பூட்டைத் தானே செய்து மாட்டிக்கொள்கிறது!

6-எம்.பி.யோடு அல்லோபியூரினாலைக் கொடுத்தார்கள். எதிர்பார்த்தபடி 6-எம்.பி. அழிவது குறைந்தது. ஆனால் ஒன்று. மருந்தின் வேகம் எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்குப் பக்கவிளைவும் கூடியது. கடைசிக் கணக்கில் குழந்தைகளுக்கு லாபம் இல்லை. இன்றைக்கும் யாராவது இந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிட நேர்ந்தால், 6-எம்.பி. அளவை மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவார்கள். கவனிக்காமல் முழு அளவு கொடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்து. மருந்தை அழிக்கிற நொதி நமக்கு எதிரி என்று இதுவரை படித்தவர்கள் நினைத்திருந்தால் இந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். சில பேருக்குப் பிறவியிலேயே 6-எம்.பி.யைச் செயலிழக்க வைக்கும் வேறொரு நொதி குறைவாக இருக்கும். ஐரோப்பிய வம்சாவளியினரில் 300 பேரில் ஒருவருக்கு அது அறவே இருக்காது. அவர்களுக்கு எல்லாரும் சாப்பிடும் அளவே விஷம். நான் தாத்தாவுக்கு ரெண்டு மாத்திரை எடுத்து வைத்தது எனக்கு இங்கே மறுபடியும் ஞாபகம் வந்தது.

அல்லோபியூரினால் வீணாகவில்லை. நொதி அடைபட்டதும் யூரிக் அமிலம் உண்டாவதும் குறைந்தது அல்லவா? யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிகமாகப் படிந்து, கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கிற கௌட் நோய்க்கு அதுவே மருந்தானது. 1966-இல் அனுமதி. இன்றைக்கும் உலகம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். 6-எம்.பி.யையே கொஞ்சம் மூடி மறைத்து, உடம்புக்குள் போய்த் திறந்துகொள்வது போலச் செய்த அசாதையோபிரின் இன்னொரு கதை. 1962-இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே உறவில்லாத ஒருவரின் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பொருத்தி வெற்றி பெற்றது அந்த மருந்தின் துணையோடுதான். ரத்தப் புற்றுநோயிலும் 6-எம்.பி.யை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். வசதியுள்ள நாடுகளில் இப்போது 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

இப்போது வைரஸுக்கு வருவோம். தாத்தாவின் அக்கியும், சின்னம்மையும் ஒரே வைரஸால் வருபவை. சின்ன வயதில் அம்மை வந்தபோது புகுந்த வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து வயதான பிறகு அக்கியாக வெளியே வரும். ஹெர்பீஸ் வைரஸ் குடும்பம்.

வைரஸுக்கு மருந்தே செய்ய முடியாது என்றுதான் 1960-களில் பல பேர் நினைத்தார்கள். காரணம், வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து நம் சாமான்களை வைத்தே பெருகுகிறது. அதை அடித்தால் நம்மேலும் அடி விழும். எலியனுக்கு 1948-லேயே ஒரு அனுபவம் உண்டு. டைஅமினோபியூரின் என்ற அவருடைய ஒரு பொருள் வைரஸை அடக்கியது, ஆனால் விஷம் அதிகம். ஓரமாக வைத்துவிட்டார். இருபது வருஷம் கழித்து 1968-இல், அடினினோடு அராபினோஸ் என்ற சர்க்கரை சேர்ந்த ஒரு பொருள் (விடராபின் என்று பிற்பாடு பெயர்) வைரஸைத் தடுக்கிறது என்று படித்தார். பழைய ஞாபகம் வந்தது.

விடராபினுக்கு ஒரு பெரிய குறை. ரத்தத்திலும் செல்களிலும் உள்ள அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி அதன் அமினோ தொகுதியைக் கழற்றிவிடும். மிச்சம் இருப்பதற்கு வைரஸை அடக்கும் சக்தி ரொம்பக் குறைவு. மறுபடியும் நொதி! எலியன் தன் பழைய டைஅமினோபியூரினோடு அதே சர்க்கரையைச் சேர்த்து இங்கிலாந்தில் உள்ள கம்பெனியின் வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஹெர்பீஸ் வைரஸை அது நன்றாக அடக்கியது. அதற்கப்புறம் நான்கைந்து வருஷம் அதைப் போலவே பல பொருள்களைச் செய்தார்கள்.

1970-இல் கம்பெனி வட கரோலினா மாநிலத்துக்கு இடம் மாறியது. அப்போது ஹோவர்ட் ஷேஃபர் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்தார். இவர் பல வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தது எது தெரியுமா? அதே அடினோசின் டிஅமினேஸ்! அந்த நொதி தன் பொருளை எந்தெந்த இடத்தில் பிடிக்கிறது என்று பார்க்க, சர்க்கரை வளையத்தையே வெட்டி எறிந்துவிட்டு வெறும் வால் மட்டும் வைத்த மூலக்கூறுகளைச் செய்திருந்தார். அப்பவும் நொதி பிடித்துக்கொண்டது. நொதி ஏமாறும் என்றால் வைரஸும் ஏமாறுமா? ஷேஃபரின் வாலையும் எலியன் குழுவின் பியூரின் அனுபவத்தையும் சேர்த்துப் பல மூலக்கூறுகள் செய்தார்கள். குவானினோடு வாலைச் சேர்த்தது 1974-இல். அதுதான் அசைக்ளோவிர். எலியனின் முந்தைய மருந்தைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகம்!

வேகத்தைவிட ஆச்சரியம், நம் செல்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஏன்? எலியன் குழு மறுபடியும் மருந்தைத் துரத்தியது. அசைக்ளோவிர் சும்மா இருந்தால் ஒரு வேலையும் செய்யாது. மூன்று பாஸ்பேட் அதன்மேல் ஏறவேண்டும். முதல் பாஸ்பேட்டை ஏற்ற நம் செல்லின் நொதிகளுக்குக் கிட்டத்தட்ட தெரியாது. ஹெர்பீஸ் வைரஸ் தன் சொந்த நொதி ஒன்றைச் செல்லுக்குள் செய்துகொள்கிறது, தைமிடின் கைனேஸ் என்று பெயர். அந்த நொதிதான் ஆள் தெரியாமல் அசைக்ளோவிரில் முதல் பாஸ்பேட்டை மாட்டிவிடுகிறது. மீதி இரண்டையும் நம் செல் நொதிகள் மாட்டும். மூன்றும் ஏறியதும் அது வைரஸின் டி.என்.ஏ. சங்கிலியில் போய் உட்காரும். அதற்குச் சர்க்கரை வளையம் இல்லை, அடுத்த கண்ணியைக் கோக்கக் கொக்கி இல்லை. சங்கிலி அங்கேயே நின்றுபோகும். வைரஸ் இல்லாத செல்லில் இது எதுவும் நடக்காது. தன்னைக் கொல்கிற மருந்தை வைரஸே தயார் செய்துகொள்கிறது!

அடுத்தது, நான் டீச்சரிடம் கேட்ட கேள்வி. அப்போ ஏதோ ஒரு நொதி அசைக்ளோவிரை அழிப்பதால்தான் ஐந்து வேளையா என்று கேட்டேன். தப்பு! பழைய மருந்துகளை அழித்த நொதிகள் வளையம் இல்லாத இந்த மூலக்கூறிடம் தோற்றுவிட்டன. ரத்தத்தில் கலந்த அசைக்ளோவிரில் பெரும் பகுதி மாறாமல் அப்படியே சிறுநீரில் வருகிறது. ஆல்கஹாலை உடைக்கிற நொதியும் ஆல்டிஹைடை உடைக்கிற நொதியும் சேர்ந்து ஒரு சிறு பங்கை மட்டும், சுமார் ஏழில் ஒரு பங்கு வரை, மாற்றுகின்றன. அவசரப்படுவது சிறுநீரகம்தான். மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உள்ளது பாதியாகிவிடும். மெடிக்கல் ஷாப் அண்ணன் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னதும் இதனால்தான். தண்ணீர் குறைந்தால் மருந்து சிறுநீரகத்திலேயே படிகமாகிவிடக் கூடும்.

இன்னொரு காரணம், வாய்வழியாகச் சாப்பிட்டதில் 15 முதல் 20 சதவீதம்தான் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகுது. இதற்கும் அந்த ஆய்வகத்திலேயே வழி தேடினார்கள். அசைக்ளோவிரில் ஒரு ஆக்சிஜனை எடுத்துவிட்டால் குடல் நன்றாக உறிஞ்சும், உள்ளே போனதும் ஆக்சிஜனைத் திருப்பிச் சேர்த்து அசைக்ளோவிர் ஆக்கிவிட ஒரு நொதி இருக்கிறது. எந்த நொதி? நம் பழைய சாந்தின் ஆக்சிடேஸ்! 6-எம்.பி.யை அழித்த அதே ஆளை இப்போது வேலைக்கு வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கடைக்கு வந்தது வேறு வழி. வேலின் என்ற அமினோ அமிலத்தை அசைக்ளோவிரின் முதுகில் ஏற்றினார்கள். குடல் அதைச் சாப்பாட்டுப் புரதத்தின் துண்டு என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதி வேலினை வெட்டி எறியும். ரத்தத்தில் சேருவது 50 சதவீதத்துக்கு மேல். வாலாசைக்ளோவிர் என்ற அந்த மாத்திரை அமெரிக்காவில் 1995-இல் வந்தது. அக்கிக்கு மூன்று வேளை போதும். விலை கூடுதல் என்பதால் தாத்தாவுக்குப் பழையதையே எழுதினாராம் டாக்டர்.

எலியன் 1983-இல் ஓய்வு பெற்றார். அவர் வளர்த்த ஆய்வாளர்கள்தான் பிறகு எய்ட்ஸுக்கான முதல் மருந்தான ஏ.இசட்.டி. மருந்தைக் கொண்டு வந்தார்கள், 1987-இல்.

1988 அக்டோபரில் ஒருநாள் காலை ஆறரை மணி. முகம் கழுவிக்கொண்டிருந்தவருக்கு ஒரு பத்திரிகை நிருபரிடமிருந்து போன். நோபல் பரிசு என்றார். யாரோ விளையாடுகிறார்கள் என்று எலியன் நம்பவே இல்லை! உண்மைதான். ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக், எலியன் மூவருக்கும் மருத்துவ நோபல். அதைப் பெற்ற ஐந்தாவது பெண் அவர். பி.எச்டி. இல்லாமல் நோபல் வாங்கிய மிகச் சிலரில் ஒருவர். பாதியில் விட்ட அந்தப் படிப்புக்கு ஈடாக, பிற்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. 45 காப்புரிமைகளில் அவர் பெயர் இருக்கிறது. இசை நாடகமும் ஊர் சுற்றுவதும் போட்டோ எடுப்பதும் ரொம்பப் பிடிக்குமாம். பிழைத்தவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதிய கடிதங்களைப் பரிசுகளைவிட மேலாக மதித்தார். 1999 பிப்ரவரி 21 அன்று வட கரோலினாவில் இறந்தார். வயது 81.

அவர் இறந்து 22 வருஷம் கழித்து, 2021 டிசம்பரில், கொரோனாவுக்கு பாக்ஸ்லோவிட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைத்தது. அதில் இரண்டு மருந்து. வைரஸைத் தடுப்பது நிர்மாட்ரெல்விர். அதைக் கல்லீரல் நொதி ஒன்று வேகமாக அழித்துவிடும். அந்த நொதியை அடைத்து வைக்கத்தான் கூடவே ரிடோனாவிர். அல்லோபியூரினால் கதை உங்களுக்கு ஞாபகம் வந்ததா? அதே எச்சரிக்கையும் இதற்கு உண்டு. அந்த நொதி அடைபட்டால் அதே நொதியால் கழிகிற மற்ற மருந்துகளும் உடம்பில் தேங்கும். அதனால் வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் டாக்டர் எழுதவேண்டும்.

தாத்தாவுக்குக் கொப்புளம் இரண்டு வாரத்தில் காய்ந்துவிட்டது. வலி ஆவணி வரைக்கும் இருந்தது. கீழே ஒட்டியிருப்பது அவருடைய கடைசி மாத்திரை அட்டை. ஐந்தில் நான்கு குமிழ் தாத்தா சாப்பிட்டது. ஐந்தாவதில் இருந்தது நான் மறந்துபோன 2 மணி மாத்திரை, அதை மட்டும் டீச்சர் எடுத்துவிட்டுத்தான் ஒட்ட விட்டார்கள்.

– பிளஸ் ஒன், அறிவியல் பிரிவு